மலேக்கண்மாய்

“தம்பி, எங்க கம்மாயத் தூக்கி எம் புஞ்சையில போட்டுட்டீங்களே!”

வரைபடத்தை விரித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏ0 தாள், பஞ்சாயத்து அலுவலக மேசையில் அடங்காமல் இரண்டு பக்கமும் தொங்கியது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சொன்னவர் அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி, எழுபதைத் தாண்டியவர். அவர் விரல் வைத்த இடத்தில் நீல எழுத்தில் ‘பெரிய கண்மாய்’ என்று இருந்தது. ஆனால் எழுத்துக்கு அடியில் நீலம் இல்லை, வெளிர்மஞ்சள். கண்மாயின் உள்வாய்க்கு, அதாவது தண்ணீர் பரவி நிற்கும் பக்கத்துக்கு, மேலே இருக்கும் மேட்டுநிலம் அது. அவருடைய புஞ்சை.

கம்ப்யூட்டர் தானாக அப்படி வைத்துவிட்டது என்றேன்.

“கம்ப்யூட்டருக்குக் கம்மா எது, காடு எதுன்னு தெரியாதா?”

தெரியாது. ஏன் தெரியாது என்று அன்றைக்கு அவருக்குச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஒன்றியம், அம்மாவின் ஊர்ப்பக்கம். அங்கே விவசாயிகள் சிலர் சங்கமாகச் சேர்ந்து, கண்மாய், ஊருணி, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாம் பெயரோடு இருக்கிற ஒரு சுவர் வரைபடம் வேண்டும் என்றார்கள். தமிழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எனக்கு வரைபட வேலைதான் பிழைப்பு. பகல் முழுக்கச் செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களைச் சுற்றிக் கோடு இழுக்கிறவன். இருக்கிற தரவைக் க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, நீலம் பூசி, பெயரைப் போட்டால் முடிந்தது, மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆனது. கோடு இழுத்ததும் நீலம் பூசியதும் உண்மையிலேயே மூன்று வாரம்தான். மீதி எல்லாம் குறியீட்டுக்கும் பெயருக்கும் போனது.

முதலில் அந்தப் புஞ்சை விவகாரம். கண்மாய் சட்டியில் ஊற்றின தண்ணீர்போல வட்டமாக இருப்பதில்லை. சரிந்து இறங்கும் நிலத்தில் பள்ளத்துப் பக்கமாக வளைத்துக் கரை போட்டால், தண்ணீர் அந்தக் கரையோரமாகத் தேங்கி நிற்கும். மேட்டுப் பக்கத்தில் எல்லை ஒழுங்காக இருக்காது, நிலம் நாக்கு நீட்டி உள்ளே வரும். மேலிருந்து பார்த்தால் பல கண்மாய்கள் பிறைநிலா. அந்தப் பிறையை அட்டையில் வெட்டி ஊசி முனையில் நிறுத்திப் பாருங்கள். நிற்காது. அதன் எடைமையம் அட்டையிலேயே இல்லை, வளைவுக்கு வெளியே காற்றில் இருக்கிறது. மென்பொருள் ஒரு பரப்புக்குப் பெயர் வைக்கும்போது முதலில் தேடுவது இந்த எடைமையத்தைத்தான். கண்டுபிடித்தது, பெயரை அங்கே இறக்கியது. அது யார் புஞ்சை என்பது அதன் கணக்கில் இல்லை.

இதற்குத் தீர்வு உண்டு. ‘புள்ளி பரப்புக்குள்ளேயே இருக்கட்டும்’ என்று க்யூஜிஸில் ஒரு பெட்டியில் டிக் அடிக்கலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், எல்லாக் கரையிலிருந்தும் அதிகத் தூரத்தில் இருக்கும் புள்ளியைத் தேடலாம். நீச்சல் தெரியாதவன் போகக் கூடாத இடம் எதுவோ அது. அதை வேகமாகக் கண்டுபிடிக்க 2016-இல் மேப்பாக்ஸ் நிறுவனம் ஒரு சின்ன நிரலைத் திறமூலமாக வெளியிட்டது, பாலிலேபிள் என்று பெயர். இன்றைக்குப் பல வரைபடங்களில் பெயர் உட்காரும் இடத்தை முடிவு செய்வது அந்த வகைக் கணக்குதான்.

டிக் அடித்தேன். மறுபடி அச்சடித்துக் கொண்டுபோனேன். பெரியவர் பார்த்தார். “இப்ப தண்ணிக்குள்ள நிக்கிது, சரி. ஆனா கம்மான்னா கரைதான தம்பி. தண்ணி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்.” நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சின் கனம் எனக்கு அப்போது ஏறவில்லை.

பெயருக்கு நேர்ந்தது குறியீட்டுக்கும் நேர்ந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகளைக் காட்ட, எல்லோருக்கும் தெரிந்த வடிவமாக இருக்கட்டும் என்று கூகுள் மேப்ஸின் ஊசிபோன்ற ஒரு படத்தை எடுத்துப் போட்டேன். அந்த ஊசி நல்ல கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமில்லை. 2005-இல் கூகுள் மேப்ஸ் வந்தபோது யென்ஸ் ஐல்ஸ்ட்ரப் ராஸ்முசன் வடிவமைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பிலேயே சேர்த்திருக்கிறது. தலை எங்கேயோ மேலே நிற்க, கூர்முனை மட்டும் இடத்தைத் தொடும். அதனால் காட்ட வேண்டிய இடத்தைக் குறியீடே மறைப்பதில்லை.

ஆனால் க்யூஜிஸில் ஒரு படத்தைக் குறியீடாகக் கொடுத்தால், அது படத்தின் நடுவைத்தான் புள்ளிமேல் வைக்கும். முனையை வைக்க வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. என் ஊசி 8 மில்லிமீட்டர் உயரம். நடு சரியான இடத்தில், முனை 4 மில்லிமீட்டர் தெற்கே. வரைபடத்தின் அளவு 1:25,000, அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 25 மீட்டர். கரையில் இருக்க வேண்டிய மடைகளில் பெரும்பாலானவை 100 மீட்டர் இறங்கி வந்து, கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்களுக்கு நடுவில் நின்றன. தெற்கில் கரை உள்ள கண்மாய்களில் மடைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. வடக்கில் கரை உள்ள ஒன்றிரண்டில் மடை தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது.

ஊசியையே தூக்கிவிட்டேன். கரைக்கோட்டின்மேல் குறுக்காக உட்காரும் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் போட்டேன். கறுப்புக் கட்டம் மடை, கரையில் விட்ட சின்ன இடைவெளி, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு. பெரியவர்கள் யாரும் விளக்கப் பட்டியலைப் பார்க்காமலேயே புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் நிலத்திலும் அது அப்படித்தான் இருக்கிறது.

குறியீடு செய்யும் வேலையிலேயே எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். நல்ல குறியீட்டில் அது காட்டும் பொருளின் ஏதோ ஒரு தழும்பு இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களில் முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால், அது முக்கோணவியல் அளவை நிலையம். 1802-இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் நில அளவை அதிகாரி லாம்டன் அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, அளந்து தொடங்கிய வேலை, முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் பரவியது. மலை கிடைக்காத சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதிச் சேதமான கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பு முழுக்க இன்றைக்கு இரண்டு மில்லிமீட்டர் முக்கோணமாகத் தாளில் நிற்கிறது.

இதற்கு நேரெதிர், அய்யனார். எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் அய்யனார் இல்லாத ஊர் அபூர்வம். காவல் தெய்வம் காவல் காப்பதே கரையைத்தான். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அவரைக் குறித்தால், வழிபாட்டுத் தலம், இந்து மதம் என்று டேக் போட வேண்டும். போட்டதும் அதன் வழக்கமான வரைபடத்தில் தேவநாகரி எழுத்தில் ஒரு ‘ஓம்’ வந்து உட்காரும். வெட்டவெளியில் மண்குதிரைகளுக்கு நடுவில் மீசையோடு இருக்கிறவருக்கு அது யாரோ தைத்துக் கொடுத்த சட்டை. உலகம் முழுவதற்கும் ஒரே அச்சு என்றால் அப்படித்தான் ஆகும், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வரைபடத்துக்கு எங்கள் சட்டையைத் தைக்கலாமே.

குதிரை வரைந்தேன். புரவி எடுப்புத் திருவிழாவில் தூக்கிவரும் மண்குதிரையின் படத்தை வைத்து, கால், வால், கழுத்துமணி எல்லாவற்றோடும் வரைந்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. 4 மில்லிமீட்டருக்குச் சுருக்கி அச்சடித்ததும் நூலகத்தில் ஒரு சின்னப் பையன் கேட்டான்: “எதுக்கு இத்தனை ஆடு?” அப்புறம் சதுரங்கக் குதிரை ஞாபகம் வந்தது. தலையும் கழுத்தும் போதும், எவ்வளவு சின்னதானாலும் அது குதிரைதான். அச்சில் பிழைக்க வேண்டுமென்றால் காலை வெட்ட வேண்டும்.

வாய்க்கால்களில் நடந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கோட்டின்மேல் அம்புக்குறி போட்டால் அது கோட்டை வரைந்த திசையில்தான் பார்க்கும். கலுங்கிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் மறுகால்களில் பாதியை நான் கீழ்க் கண்மாயிலிருந்து மேல்நோக்கி வரைந்திருந்தேன். ஒரு வாரம் எங்கள் ஒன்றியத்தில் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது.

சரி, பெயர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று கணக்கில் இருப்பவை 39,000க்கும் மேல். அதில் எங்கள் மாவட்டமும் ராமநாதபுரமும் போட்டி போட்டுக்கொண்டு நெருக்கியடிக்கும். ஒன்றின் மறுகால் அடுத்ததன் வரத்துக்கால் என்று சங்கிலியாகப் போகிற ஊர் இது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரு வயல் அகலம்தான் இருக்கும். அந்த வயலில் நான்கு பெயர்கள் நிற்க வேண்டும்: இந்தக் கண்மாய், அந்தக் கண்மாய், ஊர், ஊருணி.

இந்த நெருக்கடி எல்லா நாட்டு வரைபடக்காரர்களுக்கும் பழையது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1962-இல் இதற்கென்றே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புள்ளிக்குப் பெயர் வலப்பக்கம், சற்று மேலே. ஆற்றின் பெயர் ஆற்றோடு வளைந்து போக வேண்டும். கடற்கரை ஊரின் பெயரைக் கடலுக்குள் எழுது. எந்தப் பெயர் எதற்குரியது என்பதில் வாசகனுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரக் கூடாது. 1972-இல் பின்ஹாஸ் யோலி என்ற வரைபட ஆய்வாளர் இந்த மாதிரி விதிகளைக் கணினிக்குப் புரியும் வரிசையில் எழுதினார். ஆனால் விதி எழுதுவது வேறு, எல்லாவற்றையும் ஒரே தாளில் நிறைவேற்றுவது வேறு. 20 ஊர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நான்கே இடங்கள் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தச் சாத்தியங்கள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். 1990களின் தொடக்கத்திலேயே இது கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்துவிட்டார்கள். எல்லாப் பெயரையும் மோதாமல் மிகச் சிறப்பாக அடுக்கும் வழியை, பெயர்கள் கூடக்கூட, எந்தக் கணினியும் நியாயமான நேரத்தில் உத்தரவாதமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மென்பொருள்கள் சமாளிக்கின்றன. ஓரளவு நல்ல விடை வந்ததும் நின்றுவிடுகின்றன.

சமாளிப்பதில் ஒரு வழி, இடம் கிடைக்காத பெயரை விட்டுவிடுவது.

இது சத்தமில்லாமல் நடக்கும். பிழைச் செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. என் முதல் அச்சில் 40க்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் வரைபடம் பார்க்க அழகாக, காற்றோட்டமாக இருந்தது. விட்டுப்போனவற்றைச் சிவப்பில் காட்டும் ஒரு பொத்தான் க்யூஜிஸில் உண்டு. அதைப் பிறகு அழுத்தியபோதுதான் தெரிந்தது. விட்டுப்போனதில் பெரிய கண்மாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஏந்தல், தாங்கல், ஊருணி என்ற சின்ன நீர்நிலைகள். பரப்பு பெரிதானால் முன்னுரிமை என்று நான்தான் அமைத்திருந்தேன். அது நியாயம் என்றுதான் அப்போது பட்டது.

அதைவிடச் சங்கடமானது ஊர்ப் பெயர்களில். வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கிறது. அதிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடியிருப்புக்குப் பல இடங்களில் வெறும் ‘காலனி’ என்றே தரவில் இருந்தது. ஒரே தாளில் பதினோரு ‘காலனி’. அங்கே போய்க் கேட்டால் அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவர்கள் ஊருணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். சொல்லை நீக்கிவிடலாம். அந்த இடத்தில் எதை எழுதுவது என்பதற்கு அங்கே போய்த்தான் ஆக வேண்டும். பதினோரு இடத்துக்கும் போனேன். முன்னுரிமைப் பட்டியலைத் தலைகீழாக மாற்றினேன்: சின்னதுக்கு முதலில் இடம், பெரியது நகர்ந்துகொள்ளட்டும். பெரிய கண்மாய்க்கு உள்ளே இடம் தாராளமாக இருக்கிறது, ஊருணிக்குத்தான் இல்லை. எங்கும் இடமில்லாத இடத்தில் பெயரைத் தள்ளி வைத்து, ஊருணி வரை ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். காற்றோட்டம் போனது. போகட்டும்.

தரவு என்றேனே, அது ஓர் அலுவலகத்திலிருந்து வந்த எக்செல் கோப்பு. முழுக்க ஆங்கில எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, கண்மாய் எல்லாம் ‘கன்மோய்’. வெள்ளைக்காரன் காதில் விழுந்தது இன்னும் கோப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில வரிகளில் ‘பெரிய கன்மோய் டேங்க்’, ஒரு புண்ணியவான் ‘பெரிய கன்மோய் டேங்க் லேக்’ என்றே போட்டிருந்தார். நடுசென்டர் என்று சொல்கிற நமக்கு இதெல்லாம் பழக்கம்தான். அதைத் தமிழாக்க ஒரு நிரலில் போட்டால் புளியங்குளம் புலியங்குளம் ஆனது, பள்ளிக்கண்மாய் பல்லிக்கண்மாய் ஆனது. ஆங்கிலத்தில் போய்த் திரும்பிய தமிழ்ப் பெயர் தன் வீட்டு வாசலை அடையாளம் காண்பதில்லை. அரசுக்கே இந்தப் பாடு உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் போட்டிருந்த எழுத்தைப் பார்த்துச் சிரிப்பும் சண்டையும் கிளம்ப, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒவ்வொரு பெயரையும் ஊரில் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் கால்மணி நேரத்தில் ஓர் ஊர் முடியும், பெயரோடு கதையும் வரும். கதைகளை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பெயர் கிடைத்தபின் எழுத்துரு. இங்கேதான் வரைபடக் கலையின் பாடநூல்கள் எனக்குக் கை கொடுக்கவில்லை. ரோமன் எழுத்தில் வரைபடம் செய்பவருக்கு மூன்று கருவிகள் கூடுதலாக உண்டு. முக்கியமான ஊரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதலாம். நீர்நிலைகளைச் சாய்வெழுத்தில் எழுதலாம். காடு, மலைத்தொடர் போன்ற பரந்த இடங்களின் பெயரை எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு நீட்டி எழுதலாம். மூன்றும் தமிழில் இல்லை.

பெரிய எழுத்து நமக்கு இல்லவே இல்லை. சாய்த்துப் பார்த்தேன், புயலில் சாய்ந்த தென்னந்தோப்பு மாதிரி இருந்தது. இடம்விட்டு நீட்டியதுதான் உச்சம். ஒரு சமூகக்காட்டின் பெயரை நீட்டினேன். மென்பொருள் உயிர்மெய்யையும் பிளந்து, ‘கா’வின் துணைக்காலை ‘க’விலிருந்து தள்ளி வைத்தது. தனியே நிற்கும் துணைக்கால் பார்வைக்கு ‘ர’ மாதிரிதான். ‘காடு’ இருந்த இடத்தில் ‘கரடு’ நின்றது. வேறு எந்தத் தாளிலாவது இது நடந்திருந்தால் எழுத்துப்பிழை என்று கடந்துபோகலாம். வரைபடத்தில் காடும் உண்டு, கரடும் உண்டு. போகிறவன் மரத்தைத் தேடிப் போய்ப் பாறையில் நிற்பான்.

ஆக மிச்சம் இருந்தவை அளவு, தடிப்பு, நிறம். கண்மாய்க்கு அடர்நீலம், ஊருணிக்கு வெளிர்நீலம், ஊருக்குக் கறுப்பு, கோயிலுக்குக் காவி கலந்த பழுப்பு. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: அளவைக் குறைக்கக் குறைக்க முதலில் சாவது புள்ளி. 6 பாயிண்டில் ‘கண்மாய்’ அச்சில் ‘கணமாய’ என்றுதான் வந்தது. பெயர்களுக்குப் பின்னால் வெள்ளை விளிம்பு போடுவோம், பின்னணிக் கோடுகளில் எழுத்து சிக்காமல் இருக்க. பக்கத்துப் பெயரின் வெள்ளை விளிம்பு நம் பெயரின் புள்ளியைத் தின்றுவிட்டுப் போகும். கடைசியில் 8 பாயிண்டுக்குக் கீழே போவதில்லை என்று முடிவு செய்தேன். நம் ஊர்ப் பெயர்களோ நீளமானவை, அதில் பாதியை ‘குடி’யும் ‘பட்டி’யும் ‘மங்கலம்’மும் எடுத்துக்கொள்கின்றன. இடம் இன்னும் சுருங்கியது.

தாளில் ஒருவழியாகச் சரியானது. அப்புறம் சங்கத்து இளைஞர் ஒருவர், “இத போன்லயும் பாக்குற மாதிரி பண்ணுங்களேண்ணே” என்றார். பண்ணினேன். அதே தரவு, அதே நிறம், மேப்லிப்ரே என்ற திறமூல நிரல். பெருமையாக இணைப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். கூடவே ஒரே ஒரு வரி: “அண்ணே, மலேக்கண்மாய் எங்க இருக்கு?”

மேலக்கண்மாய்தான். நடந்தது இதுதான். ‘மே’ என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடில் சேமிக்கும்போது முதலில் ‘ம’, அதன் பின்னால்தான் கொம்பு. சேமித்த வரிசையிலிருந்து பார்க்கும் வரிசைக்கு மாற்றுவது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. உலாவியில் சாதாரணமாகத் தமிழ் படிக்கும்போது அது பின்னால் ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த வகை வரைபட நிரல்களோ வேகத்துக்காக எழுத்துகளை 256, 256 ஆகப் பிரித்து, முன்கூட்டியே சின்னச் சின்னப் படங்களாக்கி வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு, ம-வை வைத்தது, கொம்பை வைத்தது, ல-வை வைத்தது. கொம்பு ல-வின் தலையில் விழுந்தது. மலே. பழைய தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எதையாவது வெட்டி ஒட்டியவர்களுக்கு இந்தக் கோலம் தெரிந்திருக்கும். வேலங்குடி வலேங்குடி ஆனது. கொம்பும் காலும் இரண்டும் உள்ள ‘கோயில்’ என்ன ஆனது என்பதை என்னால் தட்டச்சு செய்தே காட்ட முடியவில்லை.

தமிழுக்கு மட்டுமல்ல, இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும், கெமர், பர்மிய எழுத்துகளுக்கும் இதே கதிதான். பழைய வகை வரைபடங்களில், படமாகவே வரைந்து அனுப்பும் மேப்னிக் போன்றவற்றில், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலைச் சேர்த்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. புதிய தொழில்நுட்பம் வந்தது, பழைய நோயும் கூடவே வந்தது. நான் எடுத்தது குறுக்குவழி: பெயர்கள் அனைத்தையும் தாளுக்குச் செய்தபடியே படங்களாக்கி, குறியீடுபோல ஒட்டிவிட்டேன். பெயரே குறியீடாகிவிட்டது. தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், ஆனால் மேலக்கண்மாய் மேலக்கண்மாயாகவே இருக்கிறது. சங்கத்து வாட்ஸாப் குழுவில் எனக்கு மட்டும் ‘மலே அண்ணே’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். க்யூஜிஸில் பெயர்களைக் கையால் பிடித்து நகர்த்தலாம். நகர்த்திய இடத்தை அது தனியாக ஒரு பட்டியலில், ‘இந்த எண் உள்ள கண்மாயின் பெயர் இந்த இடத்தில்’ என்று எழுதி வைத்துக்கொள்ளும். 200க்கும் மேற்பட்ட பெயர்களை இரண்டு மாத இரவுகளில் ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தேன். பிறகு நடுவில் புதிதாகச் சில ஊருணிகளைச் சேர்த்து, கோப்பை மறுபடி உருவாக்கி, வரிசை எண்ணையும் புதிதாகப் போட்டேன். திறந்தால் அத்தனை பெயர்களும் இடம் மாறியிருந்தன. எங்கோ தாறுமாறாக அல்ல, அதுதான் கொடுமை. ஒவ்வொரு பெயரும் இன்னொரு கண்மாயின்மேல் அழகாக, நேர்த்தியாக, நான் பார்த்துப் பார்த்து வைத்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்நியன் யாராவது பார்த்தால் நல்ல வரைபடம் என்றுதான் சொல்லியிருப்பான்.

திரும்ப முதலிலிருந்து நகர்த்தினேன். இந்தமுறை பெரியவர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது: கம்மான்னா கரைதான். மழை பொய்த்த வருடத்தில் நீலம் வெறும் நிறம். ஊர்க்காரர்கள் கண்மாய் என்று சொல்லும்போது கை காட்டுவது கரையை. நடப்பது, மாடு ஓட்டுவது, அய்யனாரைக் கும்பிடுவது எல்லாம் அங்கே. அதனால் பெரிய கண்மாய்களின் பெயரை நடுத்தண்ணீரிலிருந்து எடுத்து, கரையின் உட்பக்கத்தில், கரையோடு சேர்ந்து வளையும்படி வைத்தேன். கரை வளைவுக்கு ஏற்பத் தமிழ் எழுத்து முறியாமல் வளைய, ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஒரு மெல்லிய வழிகாட்டிக் கோடு வரைய வேண்டியிருந்தது. இம்ஹோஃப் ஆற்றுக்குச் சொன்னதை நான் கண்மாய்க் கரைக்குச் செய்தேன். பிறைகளுக்கும் அது பொருந்தியது. எடைமையம் எங்கே கிடந்தால் என்ன.

ஒரே ஒரு கண்மாயில் மட்டும் மாட்டிக்கொண்டேன். இரண்டு ஊர் எல்லையில் கிடக்கிறது. மேற்கு ஊரில் ஒரு பெயர், கிழக்கு ஊரில் வேறு பெயர். பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று, அதை இரண்டு ஊரிலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. எதைப் போட்டாலும் ஓர் ஊர் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடும் என்றார்கள். வேடிக்கையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. இரண்டு பெயரையும் போட்டேன், ஒரே அளவில், ஒரே நீலத்தில். கிழக்குக் கரையோரம் கிழக்கு ஊர்ப் பெயர், மேற்கில் தண்ணீர் நுழையும் பக்கம் மேற்கு ஊர்ப் பெயர். எது முதல் என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி நடுவில் நல்ல இடைவெளி விட்டேன். பதிவேட்டுப் பெயரைப் போடவில்லை.

வரைபடம் இப்போது அந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தில், கடிகாரத்துக்குக் கீழே தொங்குகிறது. போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். அலுவலகம் இருக்கிற ஊரின் பெயர் பாதி அழிந்திருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் “நாம இங்க இருக்கோம்” என்று விரலை வைப்பது அங்கேதான். பெரிய கண்மாயின் உள்வாயில் யாரோ நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, ‘போர்’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்து கண்மாய் எல்லைக்கோட்டின் மேலேயே ஏறிக் கிடந்தது, ‘போ’வின் கொம்பு வரத்துக்காலைத் தொட்டது.

“யார் எழுதுனது?”

“நாந்தான்” என்றார் பெரியவர். “அங்க போர் போட்டு ஆறு மாசமாச்சு. உங்க படத்துல இல்லையே.”

செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அளந்து பார்த்தேன், வட்டத்தின் நடு நிலத்தில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 20 மீட்டர்கூட விலகவில்லை. தாளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. போருக்கு என்ன குறியீடு போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.